மிதிக்காத பேஸ்

யூனிஸை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. இதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்குத் தெரியாது. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டரின் மகள் அவள். தாம்பரத்தில் எங்கள் பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் வந்து சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதமே சாப்ட்பால் டீமுக்குக் கேப்டன். அதற்கு முன் ஒரு வருஷம் முழுக்கக் காலை ஆறு மணிக்குச் சேலையூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, மைதானத்தில் கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு அந்த டீமை உண்டாக்கியவர்களில் நானும் ஒருத்தி. பி.டி. மிஸ் ரத்தினபாயிடம் போய், ஏன் அவள் என்று கேட்டேன். அவளுக்கு ரூல்ஸ் முழுக்கத் தெரியும் என்றார் மிஸ். எனக்கும்தான் தெரியும். அவள் இங்கிலீஷில் சொல்லுவாள், நான் தமிழில் சொல்லுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் வருஷம், எழுபத்து மூன்றில், ஃபைனல் வரை நாங்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதற்குக் காரணம் யூனிஸ் என்று கல்லூரி முழுக்கச் சொல்லிக்கொண்டது. நிஜக் காரணம் காந்தா. கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஜூனியர் பெண். எங்கள் பிட்சர். இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி அவள் பந்தை விட்டால், அடிக்க நிற்கிறவளுக்குக் கண்ணைச் சிமிட்ட நேரம் இருக்காது. அவளுடைய அம்மா அங்காளம்மா வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையில் மீன் விற்பார். அப்பா இல்லை. அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூடை தூக்க வா என்று அம்மா சொல்லிவிட்டதாகக் காந்தா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பிப்ரவரியில் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. பெண்கள் டீம் வைத்திருந்த ஒரு மத்திய அரசு அலுவலகத்திலிருந்து ஸ்ரீநிவாசராகவன் என்ற அதிகாரி எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். காந்தா பந்து போடுவதைப் பார்த்துவிட்டு, ஃபைனலில் ஜெயித்த சர்ட்டிபிகேட் இருந்தால் ஜூன் மாதம் குமாஸ்தா வேலை நிச்சயம் என்றார். இரண்டாம் இடத்துக்குக் கிடையாது, மேலிடத்து உத்தரவு அப்படி என்றும் சொன்னார். காந்தா அன்று சாயங்காலம் மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓடினாள். அங்காளம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

செமி ஃபைனலில் ஒரு பந்து என் வலது கட்டைவிரலில் இடித்தது. மறுநாள் நகம் கறுத்துவிட்டது. நான் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. அது என் கடைசி வருஷம், ஃபைனல் நான்கு நாளில். ஹாஸ்டல் பைப்படியில் கை கழுவும்போது யூனிஸ் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. நேரே மிஸ்ஸிடம் போனாள். மிஸ் என்னைக் கூப்பிட்டு, பந்தைப் பிடித்து எறி என்றார். எறிந்தேன். பத்தடி தள்ளி விழுந்தது. டீமிலிருந்து என் பெயரை எடுத்தார்கள்.

"நான் பொய் சொல்லலையே, ஜோதி. நீ ஆடினா தோத்துடுவோம்," என்றாள் யூனிஸ். நல்ல பிள்ளை மாதிரி என் தோளைத் தொட வேறு வந்தாள். நான் தட்டிவிட்டேன். அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்ததுதான் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

ஃபைனல் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரே நகரத்துக் கல்லூரி ஒன்று. ஆடாத எனக்கு மிஸ் ஒரு வேலை கொடுத்தார். மூன்றாவது பேஸ் பக்கத்தில் நின்று, ஓடி வருகிற நம் பெண்ணுக்கு ஓடு, நில் என்று சைகை காட்ட வேண்டும். பேஸ் என்பது தரையில் அடித்து வைத்த கித்தான் பை. ஓடுகிறவள் மூன்று பைகளையும் வரிசையாக மிதித்துவிட்டு, பந்தை அடித்த இடமான ஹோமுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். மிதிக்காமல் தாண்டினால் அம்பயர் தானாக ஒன்றும் சொல்ல மாட்டார். எதிர் அணி மைதானத்தை விட்டு இறங்குவதற்குள் பந்தோடு வந்து அந்தப் பையை மிதித்து, கேட்க வேண்டும். கேட்டால் அவுட். கேட்காவிட்டால் ரன் ரன்தான்.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று. நாங்கள் அடிக்கிறோம், இரண்டு பேர் அவுட். யூனிஸ் வந்து முதல் பந்தையே இரண்டு பெண்களுக்கு நடுவே வேலி வரை அடித்தாள். முதல் பையை மிதித்தாள், இரண்டாவதை மிதித்தாள். நான் கையைச் சுழற்றி ஓடு என்று காட்டினேன். என் முன்னால் திரும்பும்போது வளைவைக் குறுக்கி ஓடினாள். அவள் ஷூ பைக்கு ஒரு சாண் உள்ளே மண்ணில் பதிந்ததை நான் பார்த்தேன். திரும்பி வா என்று கத்துவதுதான் என் வேலை. வேலியிலிருந்து பந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது, கத்தியிருந்தால் அவள் திரும்பி மிதித்திருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஹோமில் சறுக்கி விழுந்தாள். நான்குக்கு மூன்று. மைதானம் அலறியது. காந்தா ஓடிப்போய் யூனிஸைத் தூக்கிச் சுற்றினாள்.

பேஸ் அம்பயர் சுப்பராயலு அசையாமல் நின்றார். அவர் பார்த்திருக்கிறார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எதிர் அணியின் மூன்றாவது பேஸ் பெண் அமலராணி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்தி அழுதுகொண்டிருந்தாள். இன்னும் அரை நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள். எல்லோரும் யூனிஸைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மிஸ் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

நான் குனிந்தேன்.

"அவ இந்த பேஸை மிதிக்கலை. பந்தோட ஏறி மிதிச்சுட்டு அம்பயரைக் கேளு," என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் எழுந்து பையை மிதித்து, சுப்பராயலுவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவுட் என்று அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ரன் இல்லை. ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போனது. காந்தாவின் கை அதற்குள் களைத்துப்போயிருந்தது, மனசும் குலைந்திருந்தது. பந்து எங்கெங்கோ போனது. தப்பான பந்துகளாகப் போட்டு இரண்டு பேரை அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போக விட்டாள், மூன்றாவது பெண் அடித்தாள். ஒரு ரன்னில் தோற்றோம். ஸ்ரீநிவாசராகவன் தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போனார். யாரும் என்னிடம் பேசவில்லை. நான் குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னதைப் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள்.

சைக்கிளை எடுக்கப் போனபோது யூனிஸ் வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, முகத்தில் மண். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஸ்டேட் டீம் லிஸ்ட் போன வாரமே போட்டாச்சு. நான் இருக்கேன். எனக்கு இதனால ஒண்ணும் குறையலை, ஜோதி. போனது காந்தாவுக்கு," என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை காந்தாவின் நினைப்பே எனக்கு வரவில்லை. யூனிஸ் கீழே விழ வேண்டும், அதை எல்லோரும் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் என் மண்டை முழுக்க இருந்தது. இதையும் அவள் வாயாலேயே கேட்க வேண்டியிருந்ததே என்று அப்போதும் அவள்மேல்தான் எரிச்சல் பட்டேன். அவ்வளவு கேடு கெட்ட புத்தி.

அடுத்த வாரம் நகரத்துக் கல்லூரியிலிருந்து எங்கள் பிரின்சிபாலுக்குக் கடிதம் வந்தது. தன் கல்லூரி தோற்றாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன மாணவியைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். காலை ஜெபக் கூட்டத்தில் பிரின்சிபால் அதை வாசித்தார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தோல் அட்டை போட்ட வேதாகமம் ஒன்றைக் கொடுத்தார். சேலையூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரான என் அப்பா லாசரஸ், பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். யூனிஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

காந்தா அந்தக் கூட்டத்தில் இல்லை. ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் உத்தேசம். நாலு மாசமாக மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கூடைக்குப் பின்னால் அங்காளம்மாவும், பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காந்தாவும் இருந்தார்கள். காந்தா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாக்கா. உனக்கு பைபிள் குடுத்தாங்களாமே, சொன்னாங்க. அன்னிக்கு எனக்கு ரொம்ப பேஜாராப் பூடிச்சு, ராவெல்லாம் அழுதுகினே இருந்தேன். அப்பறம் யோசிச்சேன். அக்கா உண்மையத்தான சொல்லிச்சு. உன் எடத்துல நானா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன். எனக்கு அவ்ளோ நல்ல மனசு இல்லக்கா," என்றாள்.

இல்லை காந்தா, அது வேறு காரணம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னால் அவளுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு ஆறுதலும் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆமாம் என்பது போல் தலையை ஆட்டினேன்.

அங்காளம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல் அப்படி ஒரு பார்வை.

"நல்ல மனசுக்காரி மூஞ்சி இது இல்ல, காந்தா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மீன் வாங்குறியா? இல்லன்னா நவுந்து நில்லு. பின்னால ஆளு கீது," என்றார்.

நகர்ந்தேன். காந்தா அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.