மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்

எங்கள் தையல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. குடிதண்ணீரும் கழிப்பறையும் கேட்டு வாசலில் உட்கார்ந்த பெண்களின் படம். முன்வரிசையில் சிவப்புச் சட்டையும் வாயெல்லாம் சிரிப்புமாக என் அக்கா. அவள் இப்போது இல்லை. இந்தப் படத்தைக் கழற்றக் கூடாது என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியவளே அவள்தான்.

புதிதாக வந்த மேனேஜர் கழற்றவில்லை. ஆள் கில்லாடி. "இருட்டுல கெடக்குதே, எல்லாருக்கும் நல்லா தெரியட்டும்" என்று தேனொழுகப் பேசி, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றினார். சாயங்கால வெயில் நேராக அதன்மேல்தான் விழும். கொஞ்ச நாளில் அக்காவின் சிவப்புச் சட்டை சோகை பிடித்துப்போனது. அடுத்து முகம் வெளுக்கத் தொடங்கியது. அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. முழுக்க வெளுத்துவிட்டால், "வெறும் காகிதத்த எதுக்கு மாட்டணும்?" என்று கழற்றிவிடலாம் அல்லவா? செல்போனில் பிரதி இருக்கிறது, இல்லாமல் என்ன. ஆனால் அக்கா கேட்டு வாங்கியது சுவரை.

மீந்த கறுப்புத் துணிகளைச் சேர்த்து ஜன்னலுக்குத் திரை தைத்தோம். மறுநாளே மேனேஜர் அதைப் பிடுங்கினார். "கோணல்" என்றார். எங்கள் தையலில் குறை கண்டால் அவர் சொல்வது அதுதான். "கோணல். மொதல்லேர்ந்து."

அன்று சாயங்கால வெயில் படத்தில் விழத் தொடங்கியதும் நானும் காலர் தைப்பவளும் எழுந்துபோய்ப் படத்தின் முன்னால் நின்றோம். எங்கள் நிழல் அக்காமேல் விழுந்தது. கால் கடுத்ததும் வேறு இருவர் வந்தார்கள். காலர் வராமல் சட்டைக்கை இணைப்பவள் சும்மா இருந்தாள், அவள் சும்மா இருந்ததால் பட்டன்காரியும் சும்மா இருந்தாள். தையல் வரிசை மொத்தமும் படுத்துவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன கூத்து இது?"

"படம் பாக்கறோம் சார். எல்லாருக்கும் நல்லா தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சம்பளத்துல கை வெச்சிடுவேன்!"

"வைங்க. நாளைக்கும் வெயில் வரும். நாங்களும் வருவோம்."

மறுநாளும் வந்தோம். அதற்கு அடுத்த நாளும் வந்தோம். வாரக் கடைசியில் அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. கடைசியில் மேனேஜரே திரையைக் கொண்டுவந்து, ஸ்டூலில் ஏறி, வியர்க்க வியர்க்க மாட்டினார்.

இறங்கப் போனவரை நான் விடவில்லை.

"கோணல் சார்" என்றேன். "மொதல்லேர்ந்து."