நாலு நாற்பது மரணம்

உள்துறை அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறையை ஒட்டினாற்போல் இருக்கும் தபால் பிரிவில் முத்திரையம்மாவைத் தெரியாதவர் கிடையாது. எந்தக் காவல் நிலையத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வர வேண்டும். பையைப் பிரிப்பாள், படிப்பாள், நேரம் குத்தும் இயந்திரத்துக்குள் காகிதத்தின் நுனியை நுழைப்பாள். அது டக்கென்று தேதியையும் மணியையும் நிமிடத்தையும் பதிக்கும். பிறகு பதிவேட்டில் ஒரு எண். இருபத்தாறு வருடமாக இதே வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே அடையாள அட்டையைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அதன் சாவி வேறொரு பிரிவில் பூட்டிக் கிடக்கிறது. மந்திரியே வந்து கெஞ்சினாலும் குத்திய நேரத்தை மாற்ற முடியாது. பதிவேட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். ஒரு தாளைக் கிழித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

படிவம் பதினான்கு என்று ஒன்று உண்டு. காவலில் இருப்பவர் யாராவது செத்துப்போனால் நிலையம் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம். ஐந்து வருடத்துக்கு முன்னால் பத்திரிகைகள் அமைச்சகத்தைக் கிழி கிழியென்று கிழித்தன. ஆள் செத்து மாதக்கணக்காகியும் தகவல் வருவதில்லை, மேலே இருப்பவர்கள் என்ன தூங்குகிறார்களா என்று. அமைச்சகமும் விழித்துக்கொண்டது. சாவைக் குறைக்க அல்ல, தகவலை வேகப்படுத்த. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் படிவம் வந்தாக வேண்டும், தாமதமானால் நிலைய அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடையாது, வேகமாக அனுப்பும் நிலையத்துக்கு வருடா வருடம் கேடயம். மின்னஞ்சல் செல்லாது; மருத்துவரும் அதிகாரியும் கையெழுத்துப் போட்ட அசல்தான் பையில் வர வேண்டும்.

அந்தப் படிவத்தைத் தயாரித்த குழுவில் முத்திரையம்மாவும் இருந்தாள். ஒவ்வொரு நிலையத்து எழுத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதி உயிரை வாங்குகிறார்களே என்று, ஒன்பதாவது கட்டத்தில் வாக்கியத்தை அச்சடித்தே கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னது அவள்தான். 'திடீரென நெஞ்சுவலி ஏற்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் ____ மணிக்கு உயிர் பிரிந்தது.' மணியை மட்டும் நிரப்பினால் போதும். அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மேற்கு மாவட்டத்து வேன் எப்போதும்போல் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, பத்தரைக்கு அமைச்சகத்தின் வாசலில் வந்து நின்றது. ஒரு நாளைக்கு ஒரே வேன்தான். முத்திரையம்மா பையைப் பிரித்தாள். நான்காவதாக ஒரு படிவம் பதினான்கு. கேடய நிலையத்திலிருந்து வந்தது; மூன்று வருடமாகக் கேடயம் அங்கேதான் இருக்கிறது.

ஆண், வயது முப்பத்தொன்று, பூட்டு பழுது பார்ப்பவர். பெரிய இடத்து வீட்டில் நடந்த திருட்டு தொடர்பாக விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர். ஒன்பதாவது கட்டம்: இன்றைய தேதி, மாலை 4.40 மணிக்கு உயிர் பிரிந்தது. கீழே மருத்துவரின் கையெழுத்து. அதற்கும் கீழே அதிகாரியின் கையெழுத்து. 'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது: அக்கா', பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

தேதியைத்தான் தப்பாகப் போட்டிருப்பார்கள், நேற்று மாலையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போன் போட்டாள். எழுத்தர் எடுத்தான். பழகிய குரல்தான். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் நாக்கைக் கடித்துக்கொள்வது இங்கே கேட்டது.

"ஐயையோ! இன்னைக்குப் பையிலயே போயிடுச்சா? நாளைக்குப் பைக்குன்னு தனியா எடுத்து வச்சிருந்தேம்மா. யாரோ சேர்த்துக் கட்டிட்டாங்க."

"அப்ப ஆளு?"

"எந்த ஆளு?"

"படிவத்துல இருக்கற ஆளுப்பா. பூட்டு ரிப்பேர் பண்றவரு."

"இருக்காரும்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு இருக்காரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க அதை ஓரமா எடுத்து வச்சிடுங்கம்மா. நாளைக்குக் காலைல வரவு போட்டுக்கலாம். கேடயம் போயிடுச்சுன்னா ஐயா என்னைத் தொலைச்சிடுவாரு."

முத்திரையம்மா போனை வைத்தாள். அவன் ஒன்றும் கத்தவில்லை, மிரட்டவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தேதி மாறிப்போன மாதிரி வருத்தப்பட்டான். அந்த வருத்தத்தைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு துணைச் செயலாளரின் அறைக்கு ஓடினாள். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார், ஆனால் ஒன்றும் ஆகாது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அவர் படிவத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக இரண்டு முறை படித்தார்.

"தேதிப் பிழை. திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பிடுங்க."

"பிழை இல்ல சார். ஆளு உயிரோட இருக்காரு. நான் போன் பண்ணிக் கேட்டேன்."

"போன் ஏன் பண்ணீங்க?" முகம் சுருங்கிவிட்டது. "உயிரோட இருக்கறவர் விஷயம் நம்ம பிரிவு இல்லையேம்மா. அது சட்டம் ஒழுங்குப் பிரிவு. நம்மகிட்ட வரணும்னா அவர் செத்திருக்கணும்."

"சாயந்திரம் செத்துடுவாருன்னு இதுல எழுதியிருக்கு சார்."

"அப்ப சாயந்திரம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். நனைந்த பாதி ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. கரண்டியை விட்டு அதைத் தேட ஆரம்பித்தார். இந்த ஆளுக்கா இத்தனை வருடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"ஆகட்டும், நீங்க போங்க" என்றார், கோப்பையிலிருந்து தலையெடுக்காமல்.

இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாளை இதே காகிதம், இதே கையெழுத்துகளோடு, சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். அவளும் டக்கென்று குத்துவாள்.

திருப்பி அனுப்பாவிட்டால்?

அந்த யோசனை வந்ததும் கை தானாக நடந்தது. படிவத்தின் நுனியை இயந்திரத்துக்குள் நுழைத்தாள். டக். செவ்வாய், 11.25. பதிவேட்டைத் திறந்து எண் போட்டாள். பொருள் என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதினாள்: 'இன்று மாலை 4.40க்கு நிகழ்ந்த மரணம் குறித்து.' படிவம் பதினான்கு பதிவானால் உடனே நான்கு நகல் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பகுதி நீதிபதிக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று, அரசு மருத்துவமனைக்கு ஒன்று, உறவினருக்கு ஒன்று. விதியை அவள் என்றைக்கு மீறினாள், இன்றைக்கு மீற? முதல் மூன்றையும் தொலைநகலில் தள்ளினாள். நீதிபதியின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "முத்திரை நேரத்தையும் சாவு நேரத்தையும் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் எடுத்தவர் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க, ஐயாகிட்டயே கொண்டுபோறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

நான்காவது நகலுக்கு உரிய எண்ணை அழைத்தாள்.

"அலோ" என்றது களைத்துப்போன ஒரு பெண்குரல். அக்காதான். நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாளாம். "சாப்பாட்டை மட்டும் உள்ள வாங்கிக்கறாங்க மேடம். டப்பா காலியாத்தான் வருது. தம்பி நல்லா சாப்பிடறான்னு சொல்றாங்க. ஏன் மேடம், வேற ஏதாவது தெரியுமா?"

ஒன்பதாவது கட்டம் முத்திரையம்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தது. தான் எழுதிய வாக்கியத்தை இவளிடம் எப்படிப் படித்துக் காட்டுவது?

"இங்க பாரும்மா. நான் சொல்றதைப் பதறாம கேளு. உடனே நீதிபதி வீடோ ஆபீஸோ, எங்க இருக்காரோ அங்க போய் வாசல்ல நில்லு. உன் தம்பி பேர்ல ஒரு காகிதம் வந்திருக்கான்னு கேளு. சொந்தக்காரங்க, கடைத்தெருக்காரங்க, யார் கிடைச்சாலும் கூட்டிட்டுப் போ. சாயந்திரம்வரைக்கும் காத்திருக்காத."

"சாயந்திரம் என்ன மேடம்?"

"போம்மா, போ!" என்று கத்திவிட்டாள். பிரிவே திரும்பிப் பார்த்தது.

மூன்று மணிக்கு நிலையத்து எழுத்தர் நான்கு முறை அழைத்தான், அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்கு ஆகட்டும் சார் தம் வாழ்நாளில் முதல்முறையாகத் தபால் பிரிவுக்கு நடந்தே வந்து, "அந்தப் பதிவை அடிச்சிட முடியுமா?" என்று கேட்டார். "மையில எழுதிட்டேன் சார்" என்றாள். அவர் இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நாலு நாற்பது வந்தது. முள் அதைத் தாண்டிப் போகிறவரை அவள் இமைக்கவில்லை.

ஐந்தே காலுக்கு அக்கா அழைத்தாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. நீதிபதி நேரில் வந்தாராம். கதவைத் திறக்கச் சொன்னாராம். தம்பி இப்போது மருத்துவமனையில், உயிரோடு. "கை ரெண்டும் வீங்கிப்போய் விரலை மடக்கவே முடியல மேடம். பூட்டைத் தொட்டுப் பார்த்தே சாவி செய்வான். நான்தான் ஊட்டிவிட்டேன். மூணு நாளா ஒரு வாய்கூட உள்ள போகலையாம். டப்பாவை அவங்களே காலி பண்ணியிருக்காங்க."

உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அன்று நன்றாகத் தூங்கினாள். மறுநாள் பத்தரை மணிப் பை அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது. கேடய நிலையத்திலிருந்து ஒரு கடிதம். 'பார்வையில் கண்ட படிவத்தில் குறிப்பிட்ட மரணம், தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் நிகழவில்லை. எனவே மேற்படி மரணத்தை ரத்து செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

ஆகட்டும் சார் அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'மரணம் நிகழாமை குறித்துக்கொள்ளப்பட்டது. கோப்பை முடிக்கலாம்.' யாரும் அதிகாரியைக் கூப்பிடவில்லை, மருத்துவரைக் கேட்கவில்லை. சாயந்திரத்துக்குள் எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை தயாரானது. இனிமேல் படிவம் பதினான்கை மரணம் நிகழ்ந்த பின்னரே பையில் சேர்க்க வேண்டும், மீறினால் கேடயத்துக்கான தகுதியை இழக்க நேரிடும். முத்திரையம்மாவுக்குத் தனியாக ஒரு குறிப்பாணை. நிகழ்வு நிகழ்ந்ததா என்று சரிபார்க்காமல் பதிவு செய்தமைக்கு விளக்கம் அளிக்கவும்.

அவள் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். 'பையில் சேர்க்க வேண்டும்' என்ற இடத்திலேயே கண் நின்றது. பை. ஏழு மணிக்குக் கிளம்பும் பை.

எழுந்து அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளையும் படிவ நகல்களையும் இறக்கினாள். மேற்கு மாவட்டத்தின் படிவம் பதினான்குகளை மட்டும் விரலால் தேடிக்கொண்டே போனாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்று. வயது பத்தொன்பது. உயிர் பிரிந்த நேரம், காலை 8.40. இயந்திரம் குத்திய நேரம், அதே நாள் காலை 10.35.

எட்டு நாற்பதுக்குச் செத்தவனின் காகிதம் ஏழு மணிக்கே வேனில் ஏறியிருக்கிறது.

குத்தியது அவள். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டதே என்று வாயெல்லாம் பல்லாக மேலே ஓடிப்போய்ச் சொன்னதும் அவள்தான். தாள்களைப் புரட்டப் புரட்ட இன்னும் கிடைத்தன. இருபத்திரண்டு வயது, காலை 9.15. நாற்பது வயது, காலை 7.50. ஒவ்வொன்றிலும் அவளுடைய நெஞ்சுவலி, அவளுடைய வழியில் பிரிந்த உயிர். பதினோரு பேர். மாலையில் செத்து மறுநாள் வந்தவர்களில் எத்தனை பேரின் காகிதம் முந்தியே தயாராக இருந்ததோ, அதை இந்தப் பதிவேடு சொல்லாது.

நாற்காலிக்குப் பின்னால் இருந்த சான்றிதழைச் சட்டத்திலிருந்து கழற்றி, அதன் முதுகில் இருந்த வெள்ளை இடத்திலேயே எழுத ஆரம்பித்தாள். பெறுநர், அந்தப் பகுதி நீதிபதி. அனுப்புநர் என்ற இடத்தில் அடையாள அட்டையைப் பார்த்துத் தன் முழுப்பெயரை எழுதினாள். கீழே பதினோரு பதிவு எண்கள், பதினோரு வயதுகள், இரண்டிரண்டு நேரங்கள். வேன் கிளம்பும் நேரத்தையும், ஒன்பதாவது கட்டத்தின் வாக்கியம் யாருடையது என்பதையும் எழுதினாள். நுனியை இயந்திரத்துக்குள் நுழைத்தாள். டக்.

பட்டியலில் முதலாவதாக இருந்தது பத்தொன்பது வயது. அந்தப் படிவம் வந்த அன்று, அமைச்சகத்தின் புதிய வேகச் சாதனை என்று இதே மேசையில் வைத்துக் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்ட, ஆகட்டும் சார் முதல் துண்டை எடுத்து அவள் வாயில்தான் ஊட்டினார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.