அத்தையின் முப்பத்திரண்டு பற்கள்

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் மாப்பிள்ளைக்கு வேலை என்று ஒன்று இருப்பதை அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம், மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து விரலை ஆட்டுவதைத்தான். உட்கார்ந்த இடத்தில் அப்படி என்ன வேலை என்று சொந்தக்காரர்களிடம் கேட்பாள். அது எப்படியும் அவன் காதுக்கு வந்து சேரும், சுருக்கென்று தைக்கும்.

அதனால் அத்தைக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டபோது, சொல்லக் கூடாதுதான், அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. தெருமுனைப் பல் ஆஸ்பத்திரியின் இணையதளம் அவன் பொறுப்பில்தான் இருந்தது. சரியான ஆமை. ஒவ்வொரு நோயாளியின் சீட்டையும் டேட்டாபேஸில் தேடி எடுத்து வருவதற்குள் வலியே போய்விடும். அடிக்கடி வேண்டியதைக் கணினியின் நினைவிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ் ஒன்றை அமைத்துவிட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சீட்டு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் அமைத்தான். சோதித்துப் பார்க்க முதல் சீட்டை அத்தைக்கே போட்டான்; அவசரத்தில் பெயருக்கான கட்டத்தில் 'அத்தை' என்றே அடித்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது. தளம் பறந்தது.

பறக்காமல் என்ன செய்யும்? நினைவில் வைக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு அடையாளச் சொல் வேண்டும். அதில் நோயாளியின் எண்ணும் சேர வேண்டும். இவனோ வெறுமனே 'நோயாளி' என்று எழுதித் தொலைத்திருந்தான். ஆக, அந்தத் தளத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோயாளி.

திங்கட்கிழமை முதல் யார் வந்தாலும் திரை "வணக்கம், அத்தை" என்றது. வரவேற்பில் இருந்த பெண் திரையை மீறி ஒரு வார்த்தை பேசமாட்டாள். "அத்தை, உள்ளே வாங்க" என்பாள். முறுக்கு மீசை பஸ் டிரைவர் எழுந்து போவார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பல் வலிக்கும்போது பெயரையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? யாருக்குப் பல் பிடுங்கினாலும் அது அதே சீட்டில் ஏறியது.

வியாழக்கிழமை அத்தை வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையோடு வந்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்தான். டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எடுக்கிறதுக்குப் பல்லே இல்லையேம்மா. முப்பத்திரண்டும் எடுத்தாச்சு."

அத்தை வாயைத் திறந்து காட்டினாள். டாக்டர் எட்டிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கண்ணால் பார்ப்பதையெல்லாம் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். வேண்டுமானால் பல் செட்டுக்கு அளவெடுக்கலாம் என்று விரலை உள்ளே விட்டார். அத்தை ஒரே கடி.

விரலை உதறிக்கொண்டே, இல்லாத பல் கடித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை கூனிக்குறுகி நின்றான். அத்தையின் கண்ணில் நீர் கோத்திருந்தது. வீம்புக்குச் செய்த வேலைக்கு இந்த வயதான மனுஷி பாடுபடுகிறாளே என்றிருந்தது அவனுக்கு. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அடையாளச் சொல்லோடு எண்ணைச் சேர்த்து, கேஷை நிறுத்திக் கிளப்பினான். நினைவில் மட்டும் இருப்பது நிறுத்தினால் போய்விடும். போயிற்று. திரையில் அத்தைக்குப் பல் முளைத்தது. டாக்டர் அத்தைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த அத்தை, முதல் வேலையாக மகளுக்கு போன் போட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் தலை குனிந்து நின்றான். இன்றோடு மானம் போயிற்று என்றுதான் நினைத்தான்.

"உன் வீட்டுக்காரரைச் சும்மா சொல்லக் கூடாதுடி. உட்கார்ந்த இடத்துலேயே முப்பத்திரண்டு பல்லையும் பிடுங்கி, திரும்ப நட்டுட்டார். அந்த டாக்டரால ஒண்ணுதான் முடிஞ்சுது."