அட்டையில் இல்லாத நிறம்

பல்லை வெளுத்த பின் நாற்பத்தெட்டு மணி நேரம் வெள்ளைப் பத்தியம் என்பது அந்தப் பல் மருத்துவமனையின் சட்டம். பால், சோறு, வாழைப்பழம் தவிர வேறெதுவும் உதட்டைத் தாண்டலாகாது. அங்கே கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கும் உதவியாளரான அவள், அச்சட்டத்தை நூறு பேருக்காவது ஒப்பித்திருப்பாள். இப்போது அது அவள் தலையிலேயே விடிந்திருந்தது, அதுவும் விடுமுறை விருந்தன்று. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளது சிரிப்பைப் படமெடுத்து வாசற்பலகையில் ஏற்றுவார்கள். பலகையில் ஏறுபவளுக்கே வரவேற்பு முன்மேசை வேலை என்று மருத்துவர் வாக்களித்திருந்தார். ஆறு ஆண்டுகளாகப் பிறர் எச்சிலைக் கழுவிய கைகளுக்கு அது சிறிய வாக்கன்று.

மாமியார் வீட்டு மேசையிலோ, அவளது பால் கூஜாவைத் தவிர, வெள்ளையாக இருந்தது விரிப்பு மட்டுமே. சிவக்கச் சிவக்க இறைச்சிக் குழம்பு, பீட்ரூட் பொரியல், கறுப்புத் திராட்சைச் சாறு. தலைமாட்டில் அவள் கணவனின் அண்ணன் அமர்ந்திருந்தார். இறைச்சிக் கடைக்காரர். ஓர் எலும்பைக் கடைவாயில் வைத்து, அது முறியும் ஓசை எல்லோருக்கும் கேட்கும்படி முறித்தார்.

அவள் பாலில் பிசைந்த சோற்றை ஒரு கவளம் உண்பாள், கைக்கண்ணாடியை எடுப்பாள், மருத்துவமனையிலிருந்து இரவல் கொண்டுவந்த நிற அட்டையைப் பல்லோரம் பிடிப்பாள். அட்டையில் பதினாறு மாதிரிப் பற்கள் வெளுப்பிலிருந்து பழுப்பு வரை வரிசையாக நின்றன. அவளுடையது இன்னும் முதற்பல்லோடுதான் பொருந்தியது.

"என்னம்மா, பால்குடி இன்னும் மறக்கலயா?" என்றார் கடைக்காரர்.

"நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கோங்க மாமா. அப்புறம் உங்க கடையையே தின்னு தீர்த்துடுறேன்."

கணவன் சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

"பல்லை இளிச்சுப் பிழைக்கிறதுக்குப் பேரு வேலையாடா?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி தட்டில் எதையோ தேடத் தொடங்கினான்.

அவர் எட்டி அந்த அட்டையைப் பிடுங்கினார். பக்கத்தில் அமர்ந்திருந்த தம் மனைவியின் தாடையை மறுகையால் பற்றி, கன்றின் வாயைத் திறப்பதுபோல் திறந்தார். "வீட்டுலயே டாக்டரம்மா இருக்கா. இவ பல்லு எத்தனாவது நம்பர்னு சொல்லு பார்ப்போம்."

எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பவள் அந்த அக்காள். தேநீர்க் கறை, வெட்கமாக இருக்கிறது என்பாள். இப்போது அவளது முன்பல் ஒன்று வெளிச்சத்தில் நின்றது. சிலேட்டின் நிறம். ஆறு ஆண்டுப் பழக்கம் உதவியாளரின் நாவை முந்திக்கொண்டு ஓடிற்று.

"இது அட்டையிலயே இல்ல மாமா. கறை கிடையாது. அடி பட்டு உள்ளுக்குள்ளயே செத்துப்போன பல்லு."

"குளியலறையில வழுக்கி விழுந்தாடி அவ," என்று மாமியார் அவசரமாகச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கடைக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "உன் பல்லு என்ன நிறம்னு இப்பப் பார்ப்போம்," என்றார்.

அவர் ஒரு கையால் உதவியாளரின் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு மடக்கினார். மறுகையால் பீட்ரூட்டை அள்ளி அவள் வாயில் திணித்தார். எதுவானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போ என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கடித்துக்கொண்டாள். உதடு பல்லில் நசுங்கிக் கிழிந்தது. சிவந்த சாறு கழுத்து வழியே இறங்கியது. "அண்ணே, விடுங்கண்ணே," என்று சட்டையைப் பிடித்து இழுத்த கணவன், அண்ணனின் முழங்கை மார்பில் இடிக்க, விரிப்போடும் குழம்போடும் தரையில் சரிந்தான். கடைக்காரரின் கட்டைவிரல் அவள் கடைவாயில் நுழைந்து பற்களை நெம்பியது.

அவள் பல்லைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

கட்டைவிரலில் எலும்பு தட்டுப்படும்வரை மூடினாள். அவர் அலறியவாறு அவள் காதோரம் குத்தினார், மீண்டும் குத்தினார். செவிக்குள் ஏதோ வெடித்து இரைந்தது. அவள் விடவில்லை. அப்போது பீங்கான் பால் கூஜா அவர் உச்சந்தலையில் இறங்கி உடைந்தது. பாலும் இரத்தமுமாக அவர் முழந்தாளிட்டார். அடித்தது தம் மனைவி என்று விளங்கிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அது நான் விழுந்ததில்ல அத்தை. உங்களுக்கே தெரியும்," என்றாள் அக்காள், கையில் மிஞ்சிய கூஜாவின் பிடியைக் கீழே போட்டபடி.

குழாயடியில் இளையவள் பன்னிரண்டு முறை வாய் கொப்பளித்தாள். கறை பட்டால் உடனே நீரால் கொப்பளியுங்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்வதுண்டு. எதன் கறை என்று எவரும் கேட்டதில்லை. அக்காள் மேசையடியில் கிடந்த அட்டையைத் துடைத்து எடுத்து வந்து அவள் பல்லோரம் பிடித்தாள். முதற்பல். அதே வெளுப்பு. கண்ணாடியில் அதற்கு மேலே உதடு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மருத்துவர் அவள் வாயைச் சோதித்தார்.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஆனா இந்த உதட்டைப் பலகையில ஏத்த முடியாது. படக்காரர் இன்னைக்குத்தான் வருவார்."

"சரி டாக்டர்." பலகையும் முன்மேசையும் வேறொருத்திக்குப் போயின. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, கொதித்த கருவிகளைத் தட்டில் அடுக்கினாள்.

அவளுடன் வந்திருந்த அக்காள், யாரும் அழைக்காமலே சிகிச்சை நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். மருத்துவர் படிவத்தை எடுத்தார்.

"இந்தப் பல்லு எப்படி இப்படி ஆச்சு? விழுந்தீங்களா?"

அக்காளின் கை பழக்கத்தால் வாயருகே உயர்ந்தது. பாதி வழியில் அதை மடியில் இறக்கினாள்.

"என் வீட்டுக்காரர் அடிச்சாரு," என்றாள். "அப்படியே எழுதுங்க."