வரும், வருவார்

அச்சகத்தில் அவருக்குப் புள்ளி என்று பெயர். பெரும்புள்ளி இல்லை, வெறும் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கவேண்டிய புள்ளி எங்கே விடுபட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் வந்த பெயர். முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்திப் பழகிய கை, மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் சட்டைப்பையிலிருக்கும் சிவப்புப் பேனாவைத்தான் தேடும். இதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாது.

இப்போது திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அவளுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரமாகிறது. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பேச்சுதான் குழறியது. பேசினால் யாருக்கும் புரியவில்லை என்ற வெட்கத்தில் அவளே வாயை மூடிக்கொண்டு, இடது கையால் எழுதிக் காட்ட ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது புள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வலப்பக்கத் தோலில் அவளுக்குச் சூடு உறைக்காது, குளிக்கும்போது கவனம் வேண்டும் என்றார்.

அவ்வளவுதான், புள்ளி குளியலறையில் இறங்கிவிட்டார். குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல், பிடித்துக்கொள்ளக் கம்பி, சுவரில் ஒரு கரன்ட் ஷவர். தண்ணீரைப் பிடித்துவைத்துக் காய்ச்சுகிற ரகம் இல்லை. பச்சைத் தண்ணீர் உள்ளே போகும், போகிற போக்கிலேயே சூடாகி வெளியே வரும். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்றுதான் முதலில் கேட்டார். தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல வேகத்தில் வருகிறது, சாதாரண ஷவரே போதும். மாடித் தொட்டி இந்தக் கூரைக்கு மேல் இரண்டடி உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்த வேகத்துக்கு ஷவர் கண்ணே திறக்காது. புள்ளி யோசிக்கவே இல்லை. வேகமாக வருவதையே கொடுக்கச் சொன்னார்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஷவர் வருகிறது, தெருத் தண்ணீர் வருகிறது, குளிப்பாட்டிவிடத் தங்கச்சி பதினைந்து நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறாள். மனைவி ஏதோ சொல்ல வந்தாள், குழறியது, விட்டுவிட்டாள். மறுநாள் அவர் கிளம்பும்போது கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். வெளியே வந்து பிரித்துப் பார்த்தார். கோணல்மாணலான எழுத்தில் இப்படி இருந்தது:

'குளிக்கிற ரூமுக்கு நாத்தனார் வேண்டாம். மாமா போதும். மெதுவா வந்தாலும் நிதானமா வரும்.'

நாத்தனார் என்றால் அவருடைய தங்கை. மாமா என்றால் அவர், கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். புள்ளி பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அதை நாலைந்து முறை படித்தார். தங்கையும் அவளும் இருபத்தாறு வருடமாக ஒருவரை ஒருவர் வாருவதும் ஒரே தட்டில் சாப்பிடுவதுமாக இருப்பவர்கள். உள்ளுக்குள் இப்படி ஒரு சங்கடம் இருந்திருக்கிறதா? இருக்கட்டும், உடம்பு தளர்ந்த நேரத்தில் இன்னொருத்தர் கண்ணில் படக் கூசுகிறாள் போலும். அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருவதையும் போகிற போக்கில் குத்திவிட்டாள், அதுவும் நியாயம்தான். அப்போதும் கை சும்மா இருக்கவில்லை. பேனாவை எடுத்து 'வரும்' என்பதை அடித்து மேலே 'வருவார்' என்று திருத்தினார். பாவம், இலக்கணம்கூடத் தடுமாறுகிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தங்கைக்குப் போன் செய்து, நீ வரவேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். காரணம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்க்கிறவள் அவள். விரலைவிட நாக்கு வேகம். அன்றைக்குச் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் புள்ளி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அடுத்த இரண்டு நாளும் ஒத்திகை நடந்தது. ஸ்டூலில் ஒரு தலையணையை உட்காரவைத்து, எந்தப் பக்கம் நின்றால் அவள் சாய்ந்தால் தாங்கலாம், எந்தக் கையால் துண்டை எடுக்கலாம் என்று பழகினார். ஒரு முறை தலையணை நழுவி விழுந்தது. அதை எடுத்துத் தட்டிவிட்டு, மன்னித்துக்கொள் என்று சொன்னவர், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மாமா போதும் என்று எழுதியிருக்கிறாளே.

சனிக்கிழமை காலை குழாய்க்காரர் வேலையை முடித்துத் தண்ணீரைத் திறந்தார். ஷவர் ஜோராகப் பொழிந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்தாள். நாலு புதுத் துண்டுகளை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல், கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். ஷவர் சத்தம் கேட்டதும் மனசு கேட்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண் மேலிருந்து கீழ்வரை குழாயைத் தொடர்ந்து போனது.

"என்ன அண்ணா இது, நாத்தனாரையா கொடுத்திருக்கே? அண்ணி வேண்டாம்னு சொல்லலையா?"

புள்ளிக்கு வியர்த்துவிட்டது. "சொன்னா. உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இது கூடவா தெரியாது எனக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அவள் படித்தாள். முதலில் முகம் சுருங்கியது, பிறகு சிவப்பு மையில் கண் நின்றது, பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது.

மூச்சு வாங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அண்ணி தெருத் தண்ணீருக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாளாம். வரும்போது ஆட்டம், கீழ்வீட்டில் யாராவது குழாய் வாயைத் திறந்தால் உடனே முறுக்கிக்கொண்டு போய்விடும் என்று. இவள் விடுவாளா? மெதுவாக, சத்தமில்லாமல், என்றைக்கும் ஒரே சீராக வருகிற மாடித் தொட்டிக்கு மாமா என்று பெயர் வைத்துவிட்டாள். இத்தனை வருடமாக இரண்டு பேரும் அவர் எதிரிலேயே பேசிச் சிரித்திருக்கிறார்கள். அவர் அப்போதெல்லாம் எதையாவது திருத்திக்கொண்டிருந்திருப்பார்.

"தொட்டியைச் சொல்லும்போது வரும்னுதானே எழுதுவாங்க. அந்த ஒரு வார்த்தைதான் ஒழுங்கா உனக்கு விஷயத்தைச் சொல்லுச்சு. அதைப் போய் அடிச்சு வெச்சிருக்கே" என்றாள்.

கீழ்வீட்டில் அப்போது யாரோ பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தார்கள். பொழிந்துகொண்டிருந்த ஷவர் சட்டென்று இளைத்தது. கையை நீட்டிப் பார்த்த புள்ளி, சுரீர் என்று இழுத்துக்கொண்டார். தண்ணீர் குறைந்தால் அதே சூடு கொஞ்சத் தண்ணீரில் ஏறும், ரொம்ப ஏறினால் தானே அணைந்துவிடும், அதற்குள் ஒரு கணம் சுடத்தான் செய்யும் என்று குழாய்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சிவந்த விரல்களைப் புள்ளி பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு இழுத்துக்கொள்ளத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்திருக்காது. வெந்தபிறகும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து, அந்தக் கையைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்தாள்.

குழாய்க்காரரிடம் வழி இருந்தது. உள்ளேயே பம்பு வைத்த ஷவர் ஒன்று உண்டு, தொட்டித் தண்ணீர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அதுவே இழுத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து தனிக் குழாய் போட்டு, நடுவில் வேறு எதற்கும் பிரிக்காமல் விட்டால் யார் எந்தக் குழாயைத் திறந்தாலும் சீராக வரும். நோயாளிக்கென்று முதலிலேயே சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன் சார், என்றார். அன்று மாலைக்குள் மாற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை முதல் குளியல். தங்கைதான் உள்ளே இருந்தாள். புள்ளி துண்டுடன் கதவுக்கு வெளியே நின்றார். அவர் ஏற்பாட்டின்படி கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். ஷவர் சத்தம் மாறவில்லை. புள்ளி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. குழறல் இல்லாமல், ஆறு வாரத்தில் முதல் தடவையாகத் தெளிவாக, "மாமா" என்றாள்.

புள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீரைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டார். மறுபடியும் "மாமா" என்றாள். கதவு ஒரு சாண் திறந்தது. தங்கை தலையை மட்டும் நீட்டினாள்.

"தொட்டியை இல்ல, உன்னைத்தான் கூப்பிடறாங்க. வருவார்னு நீயே திருத்திக் கொடுத்தியே. வா உள்ள."