‘லா’ என்பது சாவி

குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்ததில் இரண்டு பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தார்கள். ஒருவர் எலெக்ட்ரீஷியன்; இன்னொருத்தி மீன் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். பின்கதவுச் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் விசாரணையில் கேள்வி.

காவலாளிக்கு ஸ்பானிஷ் தவிர வேறெதுவும் வராது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், புகை ஏறிய மூச்சுக்குத் திணறியபடி, அதிகாரி சாவியைப் பற்றிக் கேட்டதற்கு, "ஸே லா தி" என்று மட்டும் சொன்னான்.

"அவகிட்ட கொடுத்துட்டேங்கறார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர், யோசிக்காமல்.

மறுநாள் அவனும் போய்ச்சேர்ந்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்காமல் கூட இருந்தவனையும் சாகக் கொடுத்தவள் என்ற பழி, லேபிள் ஒட்டியவள் தலையில் விழுந்தது.

எட்டு மாதம் கழித்து, விசா அலுவலகத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒரு தாய் தன் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். அதே "ஸே லா தி". கூடவே, மகனிடம் என்றாள். "மகன்கிட்ட கொடுத்துட்டாங்களாம்" என்று சொன்ன அதே மொழிபெயர்ப்பாளர், அந்த மூன்று சொல்லையும் மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மகன் ஆண்பிள்ளை. அப்படியானால் ‘லா’ யார்? கடிதம். அந்த மொழியில் கடிதம் பெண்பால். சாவியும் பெண்பால். வாங்கியவர் ‘ஸே’க்குள் இருக்கிறார், அது அவனோ, அவளோ, இரண்டு பேருமோ, யாராகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் வாய் திறக்கும்போதெல்லாம் காதோரம் ஒரு மூச்சு பட்டது. மீன் வாடை அடித்தது. திரும்பினால் காலி நாற்காலி. "பார்த்துச் சொல்லு" என்று ஒரு பெண்குரல் பட்டப்பகலில், ஆள்கூட்டத்துக்கு நடுவில் கேட்டது.

விசாரணை அதிகாரியிடம் ஓடினாள். "ஃபைல் மூடியாச்சும்மா. எழுதிக் கொடுங்க, சேர்த்து வெச்சுடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தாள். மூச்சு நிற்கவில்லை.

கடைசியில், இறந்தவளின் கணவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பஸ் மெக்கானிக். உட்காரச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.



"அப்போ அவகிட்ட கொடுக்கலையா?" என்றார் அவர்.

"தெரியாதுண்ணா. கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். அவர் ஆள் யாருன்னு சொல்லவே இல்ல. அவள்னு சொன்னது நான்தான்."

"எட்டு மாசமா தினம் அவளைத் திட்டிக்கிட்டிருந்தேம்மா. கையில சாவிய வெச்சுக்கிட்டு ஏன்டி நின்னேன்னு கேட்டுக் கேட்டு..."

எழுந்துபோய், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துவந்தார். லேபிள் சுருளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"என்கிட்ட சொன்னது போதாது. அவகிட்டயும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றாள். "நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள். காதோரம் அந்த மூச்சு நெருங்கி வந்து, மீதியையும் கேட்பதற்காகக் காத்திருந்தது.