இறக்கை மடங்கும் உயரம்

சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் எல்லாமே சாண் கணக்குதான். மேல்தளத்துக்கு அடியிலிருந்த கூடத்தில் பன்னிரண்டு விமானங்கள் அடங்கியாக வேண்டும். அந்தக் கூடத்தை வடிவமைத்தவள் அவள். விமானங்களை அட்டையில் வெட்டி, வரைபடத்தின் மேல் சதுரங்கக் காய்போல நகர்த்தி நகர்த்தி இடம் கண்டுபிடித்தாள்.

குழாய் மேஸ்திரி அவளுடைய அக்கா கணவர். வீட்டில் மாமா, வேலையிடத்தில் வெறும் மேஸ்திரி. உறவைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம்.

போன வருடக் கூட்டத்தில் அவர் கேட்டார்: "இறக்கை மடங்கி நிக்கும்போது இடம் பத்தும், சரி. பழுது பாக்க உள்ளயே விரிச்சா, நுனி மேல போய்த்தானே கீழ வரும்? கூரைக் குழாய்ல இடிக்காதா?"

"மேஸ்திரி, இது விமானம். சிறகடிக்கிறதுக்குக் கோழியா?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அட்டைக்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் கிடையாது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்று கூடத்துக்குள் இறக்கையை விரித்துப் பார்க்கும் முதல் சோதனை. உள்நோக்கிச் சாய்ந்திருந்த இறக்கை மெல்ல நிமிர்ந்தது. 'டங்'கென்று ஒரு சத்தம். தீயணைப்புக் குழாய் பிளந்து, தண்ணீர் அவள் தலையிலேயே கொட்டியது.

"குழாய இவ்வளவு தாழ்வா மாட்டினது யாரு?" தலைமைப் பொறியாளர் கத்தினார்.

மேஸ்திரி அவளை ஒரு முறை பார்த்தார். "நாங்கதான் சார். ஏத்தி மாட்டிடறோம்."

"ஏத்துறது இருக்கட்டும். நாளையிலிருந்து நீங்க வர வேணாம்."

அவள் கையில் வரைபடம் நனைந்து துவண்டது. குழாயின் உயரம் அவளுடைய எழுத்திலேயே அதில் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததுதான் அவளுக்குப் பெரிய கேவலமாக இருந்தது.

"சார், நான் வரைஞ்சபடிதான் மாட்டினாங்க. தப்பு என்னோடது. மாமா போன வருஷமே கேட்டாரு. நான்தான் கிண்டல் பண்ணினேன்."

"மாமாவா?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல் முறையாக இங்கே வாயில் வந்த உறவு, மூக்குடைபட்ட பிறகுதான் வந்தது.

தலைமைப் பொறியாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க வேலையப் பாருங்க. அம்மா, புது வரைபடத்தோட நாளைக்கு என் அறைக்கு வாங்க." போய்விட்டார்.

"எனக்காக ஏன் மாமா பழிய ஏத்துக்கிட்டீங்க?"

"உனக்காகவா? உன்னைக் காட்டிக் கொடுத்தா உங்கக்கா எனக்குச் சோறு போடுவாளா?" அவர் ஏணியைச் சாத்தினார். "கெட்டியாப் பிடி. இதுக்குப் படிப்பு வேணாம்."

பிடித்தாள். மேலே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.